வால்வும் அதன் மேலெழுத்தும்

கல்வெட்டும் செப்பேடும் பயிலும் தமிழ் மாணாக்கன் ஒருவன் தொழிற்சாலை வால்வுகளைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும் வால்வின் மேல் உள்ளதும் எழுத்தேயன்றோ? கல்வெட்டைப் பிழைபடப் படித்தால் ஓர் அரசனது காலம் மாறும். வால்வின் எழுத்தைப் பிழைபடப் படித்தாலோ ஓர் உயிர் மாயவுங் கூடும்.

நீராவி, எண்ணெய், அமிலம், வாயு முதலியன செல்லும் குழாய்களைத் திறப்பதும் அடைப்பதும் வால்வின் தொழில். அதன் உடலிலேனும், அதில் பதித்த தகட்டிலேனும், செய்தோர் பெயர், அளவு, அழுத்த வகுப்பு, உலோகத்தின் குறி ஆகியவை பொறிக்கப்படும். ஒரு திசையில் மட்டும் ஓட்டத்தை ஏற்கும் வால்வுக்கு அம்புக்குறியும் உண்டு. இவற்றுள் ஒன்றும் வீணன்று. பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வை அம்புக்கு மாறாகப் பொருத்தினால் ஒரு துளியும் முன்செல்லாது. 150 என்ற வகுப்பெண்ணைக் கண்டு, அதுவே தாங்கும் அழுத்தம் என்று கொள்வதும் பிழையாம். அவ்வகுப்பைச் சேர்ந்த கார்பன் எஃகு வால்வு சாதாரண வெப்பத்தில் சதுர அங்குலத்துக்கு 285 பவுண்டு வரை தாங்கும். 600 பாரன்ஹீட் வெப்பத்திலோ 140 பவுண்டே தாங்கும். ஆதலின் எழுத்து இருந்தால் மட்டும் போதாது. அதன் பொருளும் விளங்க வேண்டும்.

இஃது ஆலையில் வார்த்தவர் எழுதிய எழுத்து. இதனோடு, வால்வை ஆள்வோர் எழுத வேண்டிய எழுத்தும் ஒன்றுண்டு. இவ்வால்வு எதற்குரியது, உள்ளே ஓடுவது யாது, வழக்கமாகத் திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா என்று அறிவிக்கும் சீட்டும் விளக்குமே அவை. இவை பிழைபட்டால் விளைவது யாது என்பதற்கு அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாவில், திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் 1979ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் நிகழ்ந்ததே சான்று. அன்று விடியற்காலையில் நீரூட்டும் பம்புகள் நின்றன. துணைப் பம்புகள் தாமே இயங்கத் தொடங்கின. ஆனால் அவற்றின் வழியிலிருந்த இரண்டு வால்வுகள் மூடிக் கிடந்தன. அதனைக் காட்டும் விளக்குகளில் ஒன்றைப் பழுதுபார்ப்புக்கென மாட்டிய மஞ்சட் சீட்டு மறைத்திருந்தது. 8 நிமிடங்கள் சென்ற பின்னரே உண்மை தெரிந்தது. எச்சரிக்கச் செய்த சீட்டே எச்சரிக்கையை மறைத்தது!

அதனினும் பெருங்கேடு வேறொரு வால்வினால் வந்தது. அழுத்தந் தணிக்கும் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. பலகையிலிருந்த விளக்கோ, மூடுமாறு கட்டளை சென்றதை மட்டும் அறிவித்ததேயன்றி, மூடிற்றா என்பதை அறிவிக்கவில்லை. விளக்கு அணைந்தது கண்டு பணியாளர் மூடிற்றென நம்பினர். 2 மணி நேரத்துக்கு மேல் நீர் வெளியேறி, உலைக்கருவில் ஏறக்குறையப் பாதி உருகிற்று.

அங்கே எழுதினோரும் படித்தோரும் ஒரே மொழியினர். அவ்வாறிருந்தும் இவ்வளவு கேடு. மொழியும் தடையாய் நிற்கும் இடத்தில் என்னாகும்? நம் நாட்டிலும் கோயம்புத்தூர் வார்ப்புச் சாலைகளிலும், திருச்சிராப்பள்ளிப் பாரத மிகுமின் நிறுவனத்திலும் வால்வுகள் உருவாகின்றன. எண்ணற்ற ஆலைகளில் இயங்குகின்றன. ஆங்கிலச் சீட்டைப் பொறியாளர் படிப்பர். நள்ளிரவில் சக்கரத்தைத் திருப்பும் கை எப்பொழுதும் பொறியாளருடையதன்று.

சர்வதேசக் குறிகளை மாற்றினால் குழப்பமே மிகும் என்பர் சிலர். மெய்யே. வார்த்த எண்ணும் அம்பும் உலகப் பொதுவாகவே நிற்கட்டும். யான் வேண்டுவது சீட்டின் மொழியைப் பற்றியது. ஆலையில் வைக்கும் அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு தொழிலாளரிற் பெரும்பாலார்க்கு விளங்கும் மொழியிலும் இருத்தல் வேண்டும் என 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. அந்நெறி சுவரோடு நின்றுவிடாமல் வால்வு வரையிலும் செல்லட்டும். இதனைத் தமிழ்ப் பற்றினால் மட்டும் கூறுகின்றேன் அல்லேன். இன்று நம் ஆலைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தோர் பலர் உழைக்கின்றனர். அவர் கை திருப்பும் வால்வில் ஒடியாவும் இந்தியும் இருப்பதே நீதி. பழைய சீட்டைப் பணி முடிந்தவுடன் அகற்றுவதும், பிறிதொன்றை மறையாத இடத்தில் மாட்டுவதும் இதனோடு சேர்ந்த கடமைகளாம்.

பெல்ஷாத்சார் அரசனது விருந்து மண்டபத்தில் சுவரின் மேல் எழுத்துத் தோன்றிற்று. அனைவரும் கண்டனர், படிக்கவல்லார் ஒருவருமிலர். தானியேல் வந்து பொருள் கூறுமளவும் காத்திருக்க அங்கே நேரம் இருந்தது. கொதிக்கும் நீராவியின்முன் நிற்கும் தொழிலாளிக்கு அந்நேரம் இல்லை. அவன் கையருகே உள்ள எழுத்து, அவனே படிக்கத்தக்க எழுத்தாய் இருப்பதாக.