மூன்றாம் வகுப்புப் பையனுக்கு 38 வயது

நெல்லிக்குப்பத்தில் கரும்பு அரவை நடக்கும் நாட்களில் மெயின் ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. ஆலைக்குப் போகும் லாரிகளும் டிராக்டர்களும் அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த நெரிசலை ஒட்டியிருக்கும் செல்போன் ரிப்பேர்க் கடை ஒன்றுக்கு, "போன் அடிக்கடி ஹேங் ஆவுதுங்க" என்று ஒருவர் வந்தார். கூடவே மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகன். கடைக்காரர் கை நீட்டுவதற்குள் பையன் போனை வாங்கி பேட்டர்ன் லாக்கைத் திறந்தான். திறந்து கிடந்த ஆப்களை ஒரே தள்ளில் மூடினான். ஸ்டோரேஜ் நிரம்பியிருப்பதை எடுத்துக் காட்டினான். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நமக்கு பேச மட்டுந்தாங்க தெரியும். மத்ததெல்லாம் இவன்தான். நம்மளவிட இவனுங்களுக்குத்தான் எல்லாம் தெரியுது." டெம்பர் கிளாஸ் ஒட்டக் காத்திருந்தவர்கள்கூட ஆமாம் போட்டார்கள்.

"ரீசெட் போடணும். ஜிமெயில் பாஸ்வேர்டு சொல்லுங்க" என்றார் கடைக்காரர்.

அப்பா மகனைப் பார்த்தார். மகன் அப்பாவைப் பார்த்தான்.

அந்த ஜிமெயில் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தது போன் விற்ற கடையில் வேலை பார்த்த இளைஞர். பிறந்த தேதி அப்பாவுடையது. பாஸ்வேர்டு அன்றைக்கே மறந்துபோனது. ஆக, கூகுள் கணக்குப்படி அந்தப் போனில் ராத்திரி ஒன்பது மணிக்குப் பாயில் படுத்துக்கொண்டு ஷார்ட்ஸ் பார்ப்பவருக்கு வயது 38. எட்டு வயதுப் பையன் ஒருவன் அந்த வீட்டில் இருக்கிறான் என்பதே அந்தக் கம்பெனிக்குத் தெரியாது. இந்த லட்சணத்தில் எல்லாம் தெரிந்தவன் என்ற பட்டம் வேறு.

'நம்மைவிடப் பிள்ளைகளுக்குத்தான் போன் தெரியும்' என்ற இந்த வசனம் நெல்லிக்குப்பத்தின் தனிச்சொத்து அல்ல. கடலூர் கல்யாண மண்டபங்களிலும், சிதம்பரம் போகும் பஸ்ஸிலும், ரேஷன் கடை வரிசையிலும் கேட்கக் கிடைக்கும். சொல்பவர் முகத்தில் வெட்கம் கிடையாது. விருது வாங்கிய களை இருக்கும். இரண்டு வயதுக் குழந்தை விரலால் தள்ளி அடுத்த வீடியோவுக்குப் போனால் வீடே கூடி நின்று கைதட்டுகிறது. எழுத்தே தெரியாதவரும் தள்ளிக்கொண்டே போகும்படி அதை வடிவமைத்தவர்கள் சம்பளம் வாங்கும் எஞ்சினியர்கள். அவர்கள் கெட்டிக்காரத்தனத்துக்கான பாராட்டைப் பாலர்பள்ளிக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, பெற்றவர்கள் டிவி சீரியலுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

இந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு வெளிநாட்டு ஆய்வைத் தேடி அலைய வேண்டாம். பப்ஜி மதன் போதும். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. பப்ஜியும் அதில் ஒன்று. தடைக்குப் பிறகும் குறுக்கு வழியில் அதை விளையாடி, யூட்யூபில் நேரலையாகக் காட்டியவர் மதன். விளையாட்டோடு சேர்ந்து ஆபாச வசவும், பெண்களைப் பற்றிய கேவலமான பேச்சும் ஓடின. புகார்கள் குவிந்தன. 2021 ஜூன் 18 அன்று தர்மபுரியில் கைது செய்யப்பட்டார். பிறகு குண்டர் சட்டமும் பாய்ந்தது. வழக்கின் முடிவைச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. கவனிக்க வேண்டியது அவருடைய சேனல் ஒன்றின் பெயரை: 'டாக்ஸிக் மதன் 18+'.

பெயர்ப் பலகையிலேயே 18+. உள்ளே பெருங்கூட்டமாகப் பள்ளிப் பிள்ளைகள் என்பதுதான் அன்றைக்குத் தமிழ்நாட்டையே பதறவைத்தது. எப்படி உள்ளே போனார்கள்? சுவரேறிக் குதிக்கவில்லை. அப்பா பெயரில் இருந்த கணக்கில், அப்பாவின் வயதில், வாசல் வழியாகவே போனார்கள். அந்த நாட்களில் அவர்கள் கையில் போன் எப்படி வந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஏறத்தாழ 19 மாதம் 'ஆன்லைன் கிளாஸ்' என்று சொல்லி, கடன் வாங்கியாவது போன் வாங்கிக் கொடுக்கச் சொன்னது பள்ளிக்கூடம். வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்றிருந்தது வீடு. "புள்ள கிளாஸ்லதான் இருக்கான்" என்று அம்மா அடுப்படியில் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஹெட்செட்டுக்குள் மதன் பேசிக்கொண்டிருந்தார்.

அந்தப் பிள்ளைகளுக்குப் போன் தெரியாது என்று யார் சொல்ல முடியும்? தடை செய்த விளையாட்டை எப்படி இறக்குவது என்பது தெரிந்தது. சூப்பர் சாட்டில் பணம் போடுவது தெரிந்தது. சேனல் முடங்கினால் அடுத்த சேனல் எது என்பதும் தெரிந்தது. தன்னிடம் பேசும் ஆள் தன்னை வைத்துச் சம்பாதிக்கிறான் என்பது மட்டும் தெரியவில்லை. அதைச் சொல்லித்தர வேண்டியவர்களோ பையனின் திறமையைப் பக்கத்து வீட்டில் அளந்துகொண்டிருந்தார்கள்.

புள்ளிவிவரம் கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், 10 வயதுப் பிள்ளைகளில் 37.8 சதவீதம் பேருக்கு பேஸ்புக் கணக்கும் 24.3 சதவீதம் பேருக்கு இன்ஸ்டாகிராம் கணக்கும் இருந்தன. இரண்டுக்குமே குறைந்தபட்ச வயது 13. பத்து வயதுப் பிள்ளை கணக்குத் தொடங்க வேண்டுமென்றால் பொய்யான பிறந்த வருடம் போட வேண்டும், அல்லது யாராவது போட்டுக் கொடுக்க வேண்டும். இந்த நாட்டுப் பிள்ளைகள் இணையத்தில் கற்கும் முதல் பாடமே பொய்தான். அதற்கும் 'கெட்டிக்காரன்' என்று தட்டிக்கொடுக்கும் வீடுகள் இருக்கின்றன.

சரி, கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்காவது தெரிகிறதா? கிராமப்புறங்களில் எடுக்கப்பட்ட அசர் 2024 கல்விக் கணக்கெடுப்பு 14 முதல் 16 வயது வரை உள்ளவர்களைக் கேட்டது. ஸ்மார்ட்போனை இயக்கத் தெரியும் என்றவர்கள் 82 சதவீதத்துக்கும் மேல். சமூக ஊடகம் பயன்படுத்துபவர்களில் பாஸ்வேர்டை மாற்றத் தெரிந்தவர்கள் 57.7 சதவீதம். தங்கள் பக்கத்தை வெளியாள் பார்க்காதபடி பூட்டி வைக்கத் தெரிந்தவர்கள் 55.2 சதவீதம். பத்தாம் வகுப்பு வயதில், சமூக ஊடகத்தில் இருப்பவர்களிலேயே நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோருக்குத் தங்கள் கதவைப் பூட்டத் தெரியவில்லை. மூன்றாம் வகுப்பில் என்ன தெரியும் என்பதைத் தனியாக ஆய்வு செய்ய வேண்டுமா? அந்த ரிப்பேர்க் கடையிலேயே முடிவு வந்துவிட்டது.

சைக்கிளில் கால் எட்டாத வயதில் மொபெட் ஓட்டும் பையனுக்கும் கைதான் லாவகம். அதற்காக கடலூர் பைபாஸில் வண்டியைக் கொடுத்து அனுப்பினால் சட்டம் அப்பாவையும் பிடிக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி வயது வராதவர் வண்டி ஓட்டிப் பிடிபட்டால், வண்டி கொடுத்த பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. போனைக் கொடுத்தவருக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. ஊரார் வாயால் வாழ்த்துதான் கிடைக்கிறது.

இந்த நம்பிக்கையால் பெரியவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 'எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா' என்று சொல்லிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது. அப்படிச் சொல்கிறவர்தான் ஒரு நாளைக்கு நாற்பது வாட்ஸ்அப் தகவலை ஃபார்வர்டு செய்கிறவர். 2018 மே மாதம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த சென்னைப் பெண்மணி ஒருவரை, பிள்ளை பிடிக்கிறவர் என்று சொல்லி ஊர்க் கூட்டம் அடித்தே கொன்றது. வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியை நம்பிய கூட்டம் அது. குழந்தைகளைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் கை ஓங்கினார்கள். அனுப்பத் தெரிந்திருந்தது, அது பொய்யா என்று பார்க்கத் தெரியவில்லை. இதே பெரியவர்கள் பிள்ளைகளின் இணைய அறிவுக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள்.

பள்ளிகள் மட்டும் என்ன வாழ்கிறது? ஆண்டு விழாவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை சினிமாப் பாட்டுக்கு ஆடவைத்து, பெயரும் வகுப்பும் தெரிய பேஸ்புக்கில் ஏற்றும் தனியார் பள்ளிகளுக்குக் குறைவில்லை. அட்மிஷன் சீசன் வந்துவிட்டால் அதே குழந்தைகளின் முகம் ஃபிளெக்ஸ் போர்டுக்கும் போய்விடும். எந்தச் சீருடை, எந்தத் தெரு, வேன் எத்தனை மணிக்கு வரும் என்பது வரை ஊருக்கே தெரியும். யார் சம்மதம் கொடுத்தார்கள் என்று கேட்டால், "பேரன்ட்ஸே ஷேர் பண்றாங்களே சார்" என்று பதில் வருகிறது. அதுவும் பொய்யில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டுவதைக்கூட ஸ்டேட்டஸில் போடும் காலம் இது. வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பி, சாயங்காலம் முழுக்கப் போனை இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கையில் திணிக்கும் பள்ளியே, பெற்றோர் கூட்டத்தில் 'குழந்தைகளுக்குப் போன் கொடுக்காதீர்கள்' என்று மைக்கில் அறிவுரை சொல்கிறது.

அரசுப் பள்ளிகளின் நிலைமை வேறு. தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள், ஆசிரியர்களுக்கு ஏறத்தாழ 80,000 கைக்கணினிகள் என்று அரசு அறிவித்துச் செய்தது நல்ல காரியம். ஆனால் வகுப்பறைத் திரையில் ஆசிரியர் காட்டுவதைத்தான் பிள்ளை பார்க்கிறது. மதனைக் காட்டிய திரை வீட்டில் இருந்தது.

"தடை போட்டுட்டா சரியாயிடும்" என்பது இதே நம்பிக்கையின் தம்பி. 2019 ஏப்ரல் 3 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை டிக்டாக்கைத் தடை செய்யச் சொன்னது. அந்த மாதம் முடிவதற்குள் தடை நீங்கியது. 2020 ஜூனில் மத்திய அரசு அதை மூடியதும் கூட்டம் ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும் நடந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் விளையாட்டு போனது, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் தங்கியது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு சமூக ஊடகக் கணக்கே கூடாது என்றதும் இங்கே பலருக்குப் புல்லரிக்கிறது. இந்தியாவிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் தகவலைக் கையாள பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. மீறும் கம்பெனிக்கு 200 கோடி ரூபாய் வரை அபராதம். 38 வயது அப்பாவின் பெயரில் உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுப் பையனை இதில் எந்தச் சட்டம் எப்படிக் கண்டுபிடிக்கும்?

பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கைக்கு இதைவிட மோசமான விளைவு ஒன்று இருக்கிறது. ஏதாவது நடந்துவிட்டால் 'எல்லாம் தெரிந்தவன்' என்ற பட்டம் அப்படியே குற்றப்பத்திரிகையாக மாறுகிறது. விளையாட்டில் பழகிய முகம் தெரியாத 'அண்ணா' போட்டோ அனுப்பச் சொல்கிறான், பிள்ளை பயப்படுகிறது, வீட்டில் சொன்னால் முதல் கேள்வி, "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, ஏன்டா பேசுன?" அடுத்தது முதுகில் ஒரு அடி. அதற்கடுத்தது போன் பறிமுதல். இவ்வளவும் தெரிந்த பிள்ளை எப்படி வாயைத் திறக்கும்? மிரட்டுகிறவனுக்கு வேண்டியதும் அந்த மௌனம்தான். பிள்ளையிடம் அவன் சொல்லும் முதல் வார்த்தையே "வீட்ல சொல்லிடாத" என்பதாகத்தான் இருக்கும்.

செய்ய வேண்டியதற்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை. 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அதன் உண்மையான வயதிலேயே கணக்குத் தொடங்கி, பெற்றவர் போனிலிருந்து கண்காணிக்க கூகுளின் ஃபேமிலி லிங்க் இருக்கிறது. யூட்யூப் கிட்ஸ் 2016லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைக்கலாம். ஜிபே பின் நம்பரைப் பிள்ளைக்குச் சொல்லாமல் இருக்கலாம். 'கடையில பால் வாங்கிட்டு வா' என்று அந்த நம்பரைச் சொல்லி அனுப்பும் வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இவையெல்லாம் வேலியே தவிர, காவல் ஆகாது. காவல் என்பது பக்கத்தில் உட்கார்ந்து 'என்னடா பார்க்கிற, யாரு இது?' என்று கேட்பது. பதில் எதுவாக இருந்தாலும் கை ஓங்காமல் இருப்பது.

பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குப் போகும் பெற்றோர் இரண்டு விஷயங்களைக் கேட்க வேண்டும். பிள்ளைகளின் படத்தை எங்கே, யாரைக் கேட்டுப் போடுகிறீர்கள் என்பது ஒன்று. பெற்றோருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, போனில் இந்த அமைப்புகளைச் செய்யச் சொல்லித்தர முடியுமா என்பது இன்னொன்று. போவதற்கு முன் தங்கள் போனில் இருக்கும் கணக்கு யார் பெயரில், எந்த வயதில் இருக்கிறது, பாஸ்வேர்டு என்ன என்பதை அவர்களே பார்த்துவிட வேண்டும். பிள்ளைக்கு இணையத்தில் தொல்லை என்றால் அழைக்க வேண்டிய குழந்தைகள் உதவி எண் 1098. பணம் பறிபோயிருந்தால் 1930. இரண்டையும் பிள்ளைக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். கூடவே, முதலில் அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லலாம், அடி விழாது என்பதையும் சொல்லுங்கள்.