பிஸ்டன் உருக்கும் பிள்ளையும் வாப்பாவின் கவலையும்

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடையைத் திறந்துகொண்டிருந்தபோது, எனது நீண்டகால வாடிக்கையாளர் ஒருவர் தன் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். முகத்தில் கோபமும் கவலையும் சரிபாதி.

"ஹாஜியார், இவருக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்க. ஒரு வருஷமா வீட்டுக்குப் பின்னால பழைய பிஸ்டனை உருக்கிக்கிட்டு இருக்கார். கத்தாருக்கு விசா வந்திச்சு, போகல்ல."

மகன் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படித்தவர். தலையைக் குனிந்தபடி, காற்சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய பித்தளை புஷ்ஷை எடுத்து எனது மேசையில் வைத்தார். அவ்வளவுதான். நான் கெலிப்பரை எடுத்து நான்கு பக்கமும் அளந்து பார்த்தேன். பின்னர் வாப்பாவைப் பார்த்து, "நாளைக்கு நான் உங்கட வீட்டுக்கு வாறேன்" என்றேன்.

போய்ப் பார்த்ததைத்தான் எழுதப் போகிறேன். வாகன உதிரிப்பாகம் விற்பதையே தொழிலாகக் கொண்ட எமது ஆட்களுக்கு இதில் கணக்குப் பார்க்க வேண்டிய விடயம் இருக்கிறது.

அந்தப் பிள்ளை வீட்டிலேயே ஒரு சின்ன லேத் மெசின் செய்திருக்கிறார். வழிகாட்டி, அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் கிங்கரி என்பவர் எழுதிய புத்தகம். பழைய இரும்பிலிருந்தும் அலுமினியத்திலிருந்தும் ஒரு முழுப் பட்டறையை எப்படிச் செய்வது என்று ஏழு சிறிய புத்தகங்கள் எழுதினார் அவர். முதலாவது கரியில் எரியும் வார்ப்பு அடுப்பு, இரண்டாவது லேத். 2004இல் அவர் காலமானார். ஆனாலும் உலகம் முழுவதும் இன்றைக்கும் ஆட்கள் அவருடைய முறையில் லேத் செய்துகொண்டிருக்கிறார்கள்.

முறை இதுதான். ஒரு தகர வாளிக்குள் களிமண்ணும் மணலும் பூசி அடுப்பாக்க வேண்டும். சிரட்டைக் கரி போட்டு, தலைமயிர் உலர்த்தும் மெசினால் காற்று ஊதினால் போதும், 660 பாகை செல்சியஸில் அலுமினியம் உருகிவிடும். கழித்துப் போட்ட பிஸ்டன்தான் இதற்குச் சிறந்தது. ஏனென்றால் அது ஏற்கனவே வார்ப்புக்கென்றே கலந்த உலோகம். ஜன்னல் சட்டங்களில் அந்தக் குணம் இல்லை. பலகையில் அச்சுச் செய்து, ஈரமான களிமண் கலந்த மணலில் பதித்து, ஒவ்வொரு துண்டாக வார்த்து எடுக்க வேண்டும். பெட் என்னும் படுக்கையின் மேல் தட்டையான எஃகுப் பட்டையைப் பூட்டி, அதை நீல மை தடவிக் கையால் சுரண்டிச் சுரண்டி மட்டமாக்க வேண்டும். கண்ணாடிப் பலகையில் வைத்து எடுக்கும்போது மை ஒட்டிய இடம் மேடு, ஒட்டாத இடம் பள்ளம். மேட்டை மட்டும் சுரண்ட வேண்டும். இந்த ஒரு வேலைக்கே அந்தப் பிள்ளைக்கு ஆறு வாரம் போயிருக்கிறது. வாப்பா "சும்மா உட்கார்ந்து இரும்பைத் தேய்க்கிறார்" என்று முறைப்பட்டது இதைத்தான்.

எனக்குப் பிடித்த இடம் அடுத்தது. சுழலும் தண்டு இருக்கும் ஹெட் ஸ்டொக்குக்குத் துளை போட வேறொரு பெரிய லேத் தேவையில்லை. பாதி முடிந்த இந்த மெசினின் படுக்கையிலேயே ஹெட் ஸ்டொக்கை நகர்த்தி, ஒரு கம்பியில் டூலைப் பூட்டிச் சுழற்றித் துளையிடலாம். படுக்கைக்கு எது நேரோ, துளையும் அதற்கு நேர். மெசின் தன்னைத் தானே செய்து முடிக்கிறது. 1800ஆம் ஆண்டளவில் லண்டனில் ஹென்றி மோட்ஸ்லி புரி வெட்டும் லேத்தைச் செய்தபோது அவருக்குக் கடையில் போய் வாங்க ஒன்றும் இருக்கவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இனி வியாபாரியாகப் பேசுகிறேன். இந்த லேத்தை வைத்து அவர் சம்பாதிக்க முடியுமா? முடியாது. முகத்துக்கு நேரே சொன்னேன். கிங்கரியின் லேத்தில் 7 அங்குல விட்டமும் 12 அங்குல நீளமும் உள்ள பொருளைத்தான் பிடிக்கலாம். அதே அளவில் சீனாவிலிருந்து வரும் சிறிய லேத்தை வாங்கி அன்றைக்கே வேலை தொடங்கலாம். அலுமினியத்தின் விறைப்பு எஃகின் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே ஆழமாக வெட்டினால் மெசின் நடுங்கும், வெட்டிய இடம் அலையடித்த மாதிரி இருக்கும். பஸ்ஸின் பிரேக் ட்ரம் கடைய வேண்டும் என்று வருகிறவரை இந்த மெசின் சலாம் சொல்லி அனுப்பிவிடும். கழுவும் மெசினிலிருந்து கழற்றிய மோட்டாரில் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் கூடாது.

ஆனால் "அப்படியானால் வீண்தானே" என்று வாப்பா உடனே சொன்னாரே, அங்கேதான் நான் அவருடன் உடன்படவில்லை.

எனது மர்ஹூம் வாப்பாவிடம் ஒரு லேத் இருந்தது. தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் பட்டறையிலிருந்து வாங்கிய, தோல் பெல்ட்டில் ஓடும் இங்கிலாந்து மெசின். கடையின் பின் அறையை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஜப்பான் உதிரிப்பாகம் பெட்டி பெட்டியாக வந்த காலம். கடைந்து கொடுக்கும் நேரத்தில் பத்துச் சாமான் விற்கலாம் என்று கணக்குப் போட்டு, 1996இல் அதைப் பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுத்தேன். அந்த இடத்தில் இராக்கை அடித்தேன். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. லொறியில் ஏற்றும்போது மட்டும் வீட்டுக்குள் போய்விட்டார்.

2022 வந்தது. டொலர் 200 ரூபா அளவிலிருந்து சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. கடன் பத்திரம் திறக்க வங்கியில் டொலர் இல்லை. ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அந்த நாட்களில் பேக்கரி முதலாளி ஒருவர் மா பிசையும் மெசினின் புஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு எனது கடை வாசலில் நின்றார். பன்னிரண்டு பேருக்கு அங்கே வேலை. முப்பது வருட இறக்குமதி அனுபவமுள்ள என்னால் அவருக்கு ஒரு பித்தளை வளையம் கொடுக்க முடியவில்லை. எங்கள் நகரத்தில் எஞ்சியிருந்த சிங்கள பாஸ் ஒருவரிடம் அனுப்பினேன். வயது எழுபதைத் தாண்டியவர். மின்சாரம் வந்த இரவில் விழித்திருந்து கடைந்து கொடுத்தார். நான் அன்றைக்கு அந்த இராக்கையைப் பார்த்தேன். பாதி காலியாகக் கிடந்தது.

2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடமும் ஓடியவை பழைய வாகனங்கள். இன்றும் வீதியில் பெரும்பாலும் அவைதான். அவற்றுக்குப் புது உதிரி கிடைக்காத இடத்தில் கடைந்து கொடுப்பவருக்குத்தான் வேலை. அந்த பாஸின் பிள்ளைகள் எவரும் பட்டறைப் பக்கம் வரவில்லை.

விற்பது எமக்குக் கைவந்த கலை, செய்வது அடுத்தவர் வேலை என்றொரு எண்ணம் எமது சமூகத்தில் எப்போது புகுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பேருவளையில் எமது முன்னோர் மாணிக்கத்துக்குப் பட்டை தீட்டியது, வில்லால் இழுத்துச் சுழற்றும் கைப்பொறியில். பழுதானால் கழற்றிப் பூட்டவும் தெரிந்திருந்தார்கள். நபி தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததையும் அவர்கள் கவசம் செய்ததையும் மிம்பரில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, கையில் எண்ணெய் படிந்த மாப்பிள்ளை வேண்டாம் என்கிறோம்.

அந்தப் பிள்ளையிடம் நான் கண்டது மெசினை அல்ல. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் என்ன என்று அவருடைய விரலுக்குத் தெரிகிறது. டூல் ஏன் நடுங்குகிறது, எங்கே தளர்வு இருக்கிறது என்று காதால் சொல்கிறார். இதை எந்தச் சான்றிதழும் கொடுப்பதில்லை.

ஒரு விடயத்தில் மட்டும் அவரைக் கடிந்துகொண்டேன். உருக்கிய அலுமினியத்தை சீமெந்துத் தரையின் மேல் நின்று ஊற்றியிருக்கிறார். சிந்தினால் சீமெந்துக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகித் தரை வெடித்துத் தெறிக்கும். கீழே காய்ந்த மணல் பரப்ப வேண்டும். மணல் அச்சில் ஈரம் கூடினாலும் அதே ஆபத்துத்தான். லேத் ஓடும்போது கையுறையும் நீளக் கையும் கூடாது. சக்கின் சாவியை அதிலேயே விட்டு மோட்டாரைப் போடக் கூடாது. வீட்டில் செய்ய ஆசைப்படும் மற்றப் பிள்ளைகளும் இதை வாசித்துவிட்டே அடுப்பை மூட்டட்டும்.

அடுத்த நாளே அந்தப் பிள்ளையை பாஸிடம் கூட்டிப்போனேன். பாஸ் புஷ்ஷைக் கையில் எடுத்தார், வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார், எந்த மெசினில் செய்தது என்று கேட்டார். வீட்டில் செய்த மெசின் என்றதும் சிரித்துவிட்டு, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார். ஒரு வருடம் அங்கே நின்று தொழில் பிடிபட்டால், பழைய பெரிய லேத் ஒன்று வாங்க வட்டியில்லாக் கடன் நான் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். இன்ஷா அல்லாஹ், 1996இல் விற்றதைவிட நல்லதாகப் பார்த்து வாங்குவோம்.

வாப்பா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வரும் வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஹாஜியார், அந்த பாஸ் மாசம் என்ன குடுப்பார்?"

அதை இன்னும் பேசி முடிக்கவில்லை.