எறும்பின் வாயிற் பற்கள்

ஈராண்டாகச் சேர்த்த பணத்துடன் 2023 ஒக்டோபரில் என் மூத்த மகன் முன்னே வந்து நின்றான். கணனிக்குப் புதிய கிராபிக்ஸ் அட்டை வேண்டுமாம். ‘சிற்றீஸ்: ஸ்கைலைன்ஸ் 2’ என்னும் நகரமைக்கும் விளையாட்டே காரணம். 2015இல் வந்த முதற்பாகம் அவனது பழைய கருவியிலேயே ஓடிற்று. புதியதற்கோ 16 கிகாபைற் நினைவகமும் ஆர்.ரி.எக்ஸ். 3080 அட்டையும் விதந்துரைக்கப்பட்டிருந்தன.

“அப்பா, நீங்கள் சம்மதிக்க வேணும்” என்றான். மறுக்க மனம் வரவில்லை. ஒரு மாதம் பொறுக்கச் சொன்னேன்.

அதற்குள் செய்தி பரவிற்று. விலையுயர்ந்த கணனிகளிலும் விளையாட்டுத் தள்ளாடியதாம். எண்ணிய வேகத்தை எட்டவில்லையென ஆக்கியோரே வெளியீட்டுக்கு முன்னர் ஒப்புக்கொண்டிருந்தனர். வானிலிருந்து நோக்க எறும்பளவாய்த் தோன்றும் குடிமக்களின் வாய்க்குள் பற்களையுமன்றோ வடித்து வைத்திருந்தனர்! தொலைவிலுள்ள உருவங்களை எளிமையாக்கும் வழக்கமான ஏற்பாடு அவர்களுக்கு அமையவில்லை. காணாத பல்லைத் தீட்டவோ என் மகனின் ஈராண்டுச் சேமிப்பு? அன்றியும், சனத்தொகை பெருகப் பெருகக் கணக்கிடும் பாரம் அட்டையின்மீதன்று, மையச் செயலியின்மீதே ஏறுகின்றது. இதனைக் கடைக்காரர் சொல்லவில்லை.

நினைவகத்தை மட்டும் கூட்டினோம். நிழல்களின் தரத்தைக் குறைத்து விளையாடுகிறான். மிகுதிப் பணம் சேமிப்புப் புத்தகத்தில் இருக்கின்றது. அதனை அவன் மறந்தானல்லன்.