வாசலைச் சாத்துவதற்குப் பெயர் தனிமைப்படுத்தல் அல்ல!



கொள்ளை நோய் வந்தால் ஒதுங்கியிருக்க வேண்டும் என்பது நமக்குப் புதிய பாடம் அல்ல. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி வைக்கும் மக்கள் நாம். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை வெளியூரிலிருந்து திரும்பி வந்தால், திண்ணையில் இடம் கொடுத்துச் சோறு போடுவதுதான் முறை. ஊர் எல்லையிலேயே நில் என்று சொல்லித் தடியைக் காட்டுவது முறை அல்ல. 2020-ல் நம் அரசாங்கங்கள் எந்த முறையைக் கைக்கொண்டன? மறந்துவிடுவதற்கு முன்பு ஒருமுறை கணக்குப் பார்ப்போம்.

மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் நாடு முழுவதும் முடக்கம் என்றார். அவகாசம் 4 மணி நேரம். பயணிகள் ரயில்களோ அதற்கு முன்பே நின்றுவிட்டன. ஹைதராபாத்தில் விடுதிக்காரர்கள் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். தவித்து நின்றவர்களுக்குக் காவல் நிலையங்கள் ஆட்சேபணை இல்லை என்று சான்று எழுதிக் கொடுத்தன. அதை நம்பி ஆயிரக்கணக்கானோர் விஜயவாடா சாலையில் புறப்பட்டார்கள். கரிகபாடு சோதனைச் சாவடியில் ஆந்திரப் போலீஸ் மறித்தது. ஓர் அரசாங்கம் போ என்றது, இன்னோர் அரசாங்கம் வராதே என்றது. நடுவில் நடுரோட்டில் கிடந்தவர்கள் இந்த நாட்டின் குடிமக்கள்!

மறுநாள் ஆந்திர உயர் நீதிமன்றம் என்ன சொன்னது? சான்று வைத்திருப்பவரைப் பரிசோதியுங்கள், உள்ளே விடுங்கள், தேவைப்பட்டால் தனிமையில் வையுங்கள் என்றது. இதைச் செய்ய முடியும் என்றால் முதல் நாளே ஏன் செய்யவில்லை? இதைச் சொல்ல ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்ததா?

சாவடியில் நின்றவர்களாவது உயிரோடு இருந்தார்கள். மகாராஷ்டிரத்திலிருந்து சொந்த ஊருக்குக் கால்நடையாகப் புறப்பட்ட நாமக்கல் மாவட்டத்து இளைஞர் ஒருவர், ஏப்ரல் தொடக்கத்தில் நம் சிகந்தராபாத்தில் ஒரு தங்குமுகாமில் இறந்துபோனார். கிருமி கொல்லுமுன்னே சாலை கொன்றுவிட்டது.

சங்காரெட்டி மாவட்டம் கந்தியில் ஐ.ஐ.டி. கட்டடம் கட்டிய வடநாட்டுத் தொழிலாளர்கள், கூலியைக் கொடு, ஊருக்கு அனுப்பு என்று ஏப்ரல் 29-ல் கிளர்ந்தெழுந்தார்கள். மே 1 விடியற்காலையில் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்குச் சுமார் 1,200 பேருடன் ரயில் புறப்பட்டது. தொழிலாளர்களுக்கென்று நாட்டில் ஓடிய முதல் ரயில் அதுதான். முடக்கம் தொடங்கி 37 நாட்கள் ஆகியிருந்தன. 14 நாள் தனிமையை இரண்டு முறை முடித்துவிட்டு மேலும் 9 நாள் மிச்சம் இருந்திருக்கும்! முடக்கம் தொடங்கியபோது நாட்டில் கண்டறியப்பட்ட நோயாளிகள் சுமார் 500 பேர். ரயில் ஓடியபோது சுமார் 35,000 பேர். நோய் குறைவாக இருந்தபோது அடைத்துவைத்து, நோய் பெருகிய பிறகு அனுப்பினார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் பொதுச் சுகாதாரம்!

கிராமத்தில் கிழவன் கிழவிகள் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரி வசதி இல்லை, வந்தவர்கள் நோயைக் கொண்டுவந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அந்தக் கிழவன் கிழவிகள் நம்மைப் பெற்றவர்கள். அவர்களைக் காக்கத்தான் தனிமைப்படுத்தல் இருக்கிறது. பூட்டிய பள்ளிக்கூடங்கள் ஊர்தோறும் இருந்தன. படுக்கையும் சாப்பாடும் பரிசோதனையும் கொடுத்து 14 நாள் இருக்கச் சொன்னால் நம்மில் யார் மறுக்கப் போகிறோம்? மூன்று கதவு தாண்டி ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கும் கட்டட முகாமைவிட அது நோய்க்கும் நல்லது, நமக்கும் நல்லது.

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். மண்டபம் முகாமை நம் பாட்டன்மார் அறிவார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களை மண்டபத்தில் தங்கவைத்து, மருத்துவம் பார்த்து, சோறு போட்டு, தனுஷ்கோடியில் கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். கருணையால் அல்ல. தோட்டத்துரைக்கு ஆள் வேண்டியிருந்தது. வேலைக்கு இழுத்துப் போக முகாமும் ரயிலும் கப்பலும் கிடைத்த நாட்டில், வீட்டுக்குத் திரும்ப மட்டும் ஒன்றுமே கிடைக்காதா?

வெளிநாட்டில் இருந்தவர் கதையும் இதுதான். விமானக் கட்டணத்தையும் தனிமை நாட்களின் செலவையும் திரும்பி வருபவரே கட்ட வேண்டும் என்று டெல்லி விதி செய்தது. வேலை இழந்து வளைகுடாவிலிருந்து வருபவனிடம் வாடகை கேட்பதா? 2021 மே மாதம் ஆஸ்திரேலியா ஒரு படி மேலே போயிற்று. இந்தியாவிலிருந்து திரும்பும் தன் சொந்தக் குடிமக்களுக்கே 5 ஆண்டுச் சிறை வரை என்று மிரட்டியது. எழுதி வைக்காத உரிமை ஆபத்துக் காலத்தில் எப்படிக் காற்றில் பறக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1 கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள் என்று 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்ன மத்திய அரசு, வழியில் இறந்தவர்களின் கணக்கு இல்லை என்றது. ரயிலில் ஏறிய தலைகளை எண்ணத் தெரிந்தவர்களுக்குச் செத்த தலைகளை எண்ணத் தெரியவில்லை!

1897-ல் பம்பாய்ப் பிளேக்குக்கு வெள்ளைக்காரன் போட்ட தொற்றுநோய்ச் சட்டம்தான் 2020-லும் ஆயுதமாக இருந்தது. சர்க்கார் எதையெல்லாம் செய்யலாம் என்று அது சொல்கிறது. சர்க்கார் நமக்கு என்ன செய்தே தீர வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை. நாடெங்கும் சென்றுவரும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு தருகிறது. நியாயமான கட்டுப்பாட்டை அதே பிரிவு அனுமதிக்கிறது. நாம் கேட்பது அந்த நியாயத்தை மட்டுமே.

ஆகவே சட்டத்தில் இவற்றை எழுதுங்கள் என்று கோருகிறோம்:

எந்த மாநிலமும் திரும்பி வரும் குடிமகனுக்கு எல்லையை மூடக் கூடாது.

தனிமை நாட்களுக்குரிய இடம், உணவு, மருத்துவம், இழந்த கூலி ஆகியவற்றின் செலவு அரசைச் சேர்ந்தது.

முடக்கம் அறிவிக்குமுன் ஊர் திரும்ப அவகாசமும் வண்டியும் தர வேண்டும்.

ஒரு மாநிலம் தரும் சான்றை அடுத்த மாநிலம் ஏற்க வேண்டும்.

அடுத்த கொள்ளை நோய் நம்மைக் கேட்டுக்கொண்டு வராது. அதற்கு முன்பே கேட்டு வைப்போம். சங்கத்துக்கு வாருங்கள், குடும்பத்தோடு வாருங்கள். தனிமையில் இருக்கச் சொன்னால் இருப்போம். தெருவில் நிற்கச் சொன்னால் நிற்க மாட்டோம்!