சாட்சி உறங்கலாமா?

சாலையில் செல்லும் மகிழுந்துகளைக் கூர்ந்து பாருங்கள். பலவற்றின் முகப்புக் கண்ணாடியில், பின்னோக்குக் கண்ணாடிக்கு அருகே, கைக்குள் அடங்கும் அளவில் ஒரு கறுப்புக் கருவி ஒட்டப்பட்டிருக்கும். அதுதான் டேஷ்கேம் எனப்படும் வாகனப் படக்கருவி. இயந்திரத்தை முடுக்கியதும் அது தானாகவே விழித்துக்கொண்டு, முன்னால் நடப்பவற்றை எல்லாம் பதிவு செய்யத் தொடங்குகிறது. விபத்து நேர்ந்தால் உண்மையைச் சொல்ல ஒரு சாட்சி இருக்கிறது என்ற நிம்மதிக்காகவே பலர் இதனை வாங்கிப் பொருத்துகின்றனர். ஆனால், பொருத்தியதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? இல்லை என்பதே என் கருத்து. பராமரிக்கப்படாத படக்கருவி உறங்கும் காவலாளியைப் போன்றது. காவலாளி இருக்கிறார் என்ற நம்பிக்கையில் நாமும் கவலையின்றி இருந்துவிடுகிறோம்.

இக்கருத்து எனக்கு ஓர் அனுபவத்தால் வந்தது. எங்கள் பக்கத்து வீட்டு மாமா ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஒரு நாள் இரவு வேலை முடிந்து, விடியற்காலையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். சாலைச் சந்திப்பில் பச்சை விளக்கு எரிந்ததால் நேராகச் சென்றார். பக்கவாட்டிலிருந்து வந்த மற்றொரு மகிழுந்து அவருடைய வாகனத்தின் மீது மோதியது. நல்ல வேளையாக யாருக்கும் பெரிய காயமில்லை. ஆனால், இறங்கி வந்த அந்த ஓட்டுநர், “நீங்கள்தாம் சிவப்பு விளக்கில் வந்தீர்கள்!” என்றார். மாமா பதறவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் பொருத்திய படக்கருவி தம்மிடம் இருக்கிறதே என்ற துணிவு அவருக்கு.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய மகள் நினைவக அட்டையைக் கழற்றிக் கணினியில் இட்டுப் பார்த்தாள். சிறிது நேரம் எதுவும் பேசாதிருந்தவள், “அப்பா, இதில் போன தீபாவளிக்குப் பிறகு ஒன்றுமே பதிவாகவில்லையே!” என்றாள். அட்டை பழுதாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. கருவியின் சிறு விளக்கு மட்டும் நாள்தோறும் எரிந்துகொண்டிருந்தது. அட்டையில் கோளாறு என்று அது எழுப்பிய ஒலியையும், தொல்லையாக இருக்கிறது என்று மாமாவே அணைத்து வைத்திருந்தார்.

அன்றே அவர் காவல் நிலையத்தில் புகார் செய்தார். நம் நாட்டில் சாலை விபத்து நிகழ்ந்தால் 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் விதி. இரு தரப்பினரும் தத்தம் கூற்றில் உறுதியாக நின்றனர். அந்த விடியற்காலையில் சாட்சி சொல்ல வேறு யாருமில்லை. இறுதியில், மாமா தம் சொந்தக் காப்புறுதியைக் கொண்டே வாகனத்தைப் பழுதுபார்க்க வேண்டியதாயிற்று. இழப்பீடு எதுவும் கோராத தனியார் மகிழுந்து உரிமையாளருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு ஆண்டுதோறும் உயர்ந்து 55 விழுக்காட்டை எட்டும். பல ஆண்டுகளாக அவர் காத்து வந்த அந்தக் கழிவு ஒரே நாளில் பறிபோனது. “பணம் போனால் போகட்டும். நான் சிவப்பு விளக்கில் பாய்ந்தவன் என்று நாலு பேர் நினைக்கிறார்களே!” என்று அவர் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அப்படியானால் இக்கருவியால் பயனே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 2013ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள், இரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்திற்கு மேலே ஒரு விண்கல் வெடித்துச் சிதறியது. அக்காட்சியை உலகமே கண்டதற்கு முக்கியக் காரணம், அங்குள்ள வாகனங்களில் ஓடிக்கொண்டிருந்த படக்கருவிகள்தாம். விபத்துத் தகராறுகளுக்கு அஞ்சி அந்நாட்டு ஓட்டுநர்கள் பலர் அவற்றைப் பொருத்தியிருந்தனர். அப்பதிவுகளைக் கொண்டு விண்கல் வந்த பாதையையே அறிவியலாளர்கள் கணக்கிட்டனர். விண்கல் வரப்போகிறது என்று அந்த ஓட்டுநர்களுக்குத் தெரியாது. அவர்களின் கருவிகள் வழக்கம்போல் அன்றும் விழித்திருந்தன, அவ்வளவுதான்.

மாமாவின் கருவி ஏன் உறங்கிவிட்டது? இதற்கு விடை நினைவக அட்டையில் இருக்கிறது. படக்கருவி ஓயாமல் பதிவு செய்கிறது. அட்டை நிறைந்ததும் பழைய பதிவை அழித்து, அதே இடத்தில் புதியதை எழுதுகிறது. உயர்தெளிவுப் படப்பதிவு ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 6 முதல் 7 கிகாபைட் இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே, 64 கிகாபைட் அட்டை சுமார் 9 மணி நேரத்தில் நிறைந்துவிடும். நாள்தோறும் இரண்டு மணி நேரம் வாகனம் ஓட்டுபவரின் அட்டை, ஓராண்டில் ஏறத்தாழ 80 முறை முழுமையாக அழிக்கப்பட்டு மீண்டும் எழுதப்படுகிறது. ஒரே தாளில் எழுதி எழுதி அழித்தால் தாள் தேய்ந்து கிழிவதைப் போல, அட்டையும் ஒரு நாள் தேய்ந்துபோகும். எனவே, கைப்பேசிக்கு வாங்கும் சாதாரண அட்டையை இதில் இடுவது சிக்கனம் ஆகாது. தொடர்ப் பதிவைத் தாங்குவதற்கென்றே தயாரிக்கப்படும் அட்டைகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றையே வாங்க வேண்டும்.

நம் நாட்டு வெயில் மற்றோர் எதிரி. வெட்டவெளியில் நிறுத்தப்பட்ட மகிழுந்தின் முகப்புப் பகுதி 60 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடேறக்கூடும். லித்தியம் மின்கலம் உள்ள கருவி இந்த வெப்பத்தில் உப்பி, விரைவில் பழுதாகலாம். மின்கலத்துக்குப் பதிலாக மின்தேக்கி உள்ள கருவி வெப்பத்தை நன்றாகத் தாங்கும். வாங்கும்போது விலையையும் படத்தின் தெளிவையும் மட்டும் கேட்காமல், இதனையும் கேட்டு அறிந்துகொள்வது நல்லது.

பொருத்தும் முறையிலும் கவனம் தேவை. கருவி ஓட்டுநரின் பார்வையை மறைக்கக் கூடாது. பின்னோக்குக் கண்ணாடிக்குப் பின்புறமே அதற்கு ஏற்ற இடம். அந்த இடம் மழைத்துடைப்பான் துடைக்கும் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையேல், அடைமழையில் நீர்த்துளிகளை மட்டுமே அது பதிவு செய்யும். கண்ணாடியை நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகே ஒட்ட வேண்டும். எண்ணெய்ப் பசையோ தூசியோ இருந்தால் வெயிலில் பிடிப்பு விட்டுக் கருவி விழுந்துவிடும்.

மின்கம்பியைக் கண்ணாடியின் ஓரமாக மறைத்துக் கொண்டுசெல்வது வழக்கம். இங்கே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பல மகிழுந்துகளின் முன்பக்கத் தூண்களுக்குள் காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கும். கம்பி அதற்குக் குறுக்கே சென்றால், விபத்தின்போது காற்றுப்பை சரியாக விரியாமல் போகலாம். உயிரைக் காக்கும் ஒன்றுக்குச் சாட்சி சொல்லும் ஒன்று தடையாகலாமா? வாகனத்தை நிறுத்தியிருக்கும்போதும் பதிவு நடைபெற வேண்டுமென்றால், ஃபியூஸ் பெட்டியிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டியிருக்கும். வாகன மின்கலத்தின் அழுத்தம் குறைந்தவுடன் இணைப்பைத் துண்டிக்கும் அமைப்பு அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் மகிழுந்தை முடுக்க முடியாது. எனவே, இவ்வேலையை அறிந்தவரிடம் ஒப்படைப்பதே சிறந்தது.

இவ்வளவும் ஒரு நாள் வேலைதான். உண்மையான பொறுப்பு அதன் பின்னரே தொடங்குகிறது. மாதத்திற்கு ஒரு முறை பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். நேற்றைய பதிவு ஒன்றை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். முன்னால் சென்ற வாகனத்தின் எண் பட்டை தெளிவாகத் தெரிகிறதா, இரவுப் பதிவு எப்படி இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். வில்லையையும் கண்ணாடியின் உட்புறத்தையும் மென்மையான துணியால் துடைக்க வேண்டும். தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்று பார்ப்பது மிகவும் முக்கியம். தவறான தேதியைக் காட்டும் பதிவு, தன் பெயரையே மாற்றிச் சொல்லும் சாட்சியைப் போல ஐயத்தை எழுப்பும். தேவையான காட்சிகளைக் கணினியில் சேமித்த பின், கருவியிலுள்ள வசதியைக் கொண்டு அட்டையை முழுமையாக அழித்துச் சீராக்க வேண்டும். அட்டை பிழை காட்டினால் காத்திராமல் புதியதை மாற்ற வேண்டும். விபத்து நேர்ந்தால், அட்டையை உடனே கழற்றிப் பத்திரப்படுத்த வேண்டும். தொடர்ந்து ஓடவிட்டால், நமக்கு வேண்டிய காட்சியின் மீதே புதிய பதிவு எழுதப்பட்டுவிடலாம்.

மாணவர்களே, “எங்களுக்கு மகிழுந்து ஓட்டும் வயதே வரவில்லை, இது எங்களுக்கு எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்குத்தான் இது மிகவும் பொருந்தும் என்பேன். கைப்பேசியின் அமைப்புகளை நொடியில் மாற்றத் தெரிந்தவர்கள் நீங்கள். நாள் முழுவதும் உழைத்துக் களைத்து வரும் பெற்றோருக்கு இச்சிறிய கருவியைத் திறந்து பார்க்க நேரமும் பொறுமையும் இருப்பதில்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பத்து நிமிட வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு மாமாவின் மகள் விபத்துக்குப் பிறகு செய்ததை நீங்கள் விபத்துக்கு முன்பே செய்யலாம்.

இன்னொன்றையும் நாம் மறந்துவிடக் கூடாது. படக்கருவி எந்தப் பக்கமும் சாயாது. பிறர் தவற்றைப் பதிவு செய்வதைப் போலவே, சமிக்ஞை கொடுக்காமல் தடம் மாறும் நம் தவற்றையும் அது பதிவு செய்கிறது. இதனை ஒரு குறையாகச் சிலர் கருதுகின்றனர். நானோ இதனையே அதன் பெரும் பயன் என்பேன். தன்னை ஒரு கண் பார்க்கிறது என்று அறிந்தவர் சற்று நிதானமாகவே ஓட்டுவார். அதே வேளையில், அக்கண்ணுக்கும் எல்லை உண்டு. அகன்ற காட்சியைக் காட்டும் வில்லையில் அருகிலுள்ள வாகனமும் தொலைவில் இருப்பதாகத் தோன்றும். பக்கவாட்டில் நடப்பது முழுமையாகத் தெரியாது. ஆகவே, அது சாட்சியே தவிர நீதிபதி அன்று.

நீதிபதியின் இருக்கையில் நாமும் அமர்ந்துவிடக் கூடாது. யாரோ ஒருவர் தவறாக ஓட்டிய காட்சியைப் புலனத்திலும் சமூக ஊடகங்களிலும் பரப்புவது இன்று வழக்கமாகிவிட்டது. பத்து நொடிக் காட்சியை வைத்துக்கொண்டு, முன்பின் அறியாதவர்கள் ஒரு மனிதரை ஏசித் தீர்க்கின்றனர். அவருடைய வாகன எண்ணும் முகமும் ஊரறியப் பரவுகின்றன. ஒருவேளை அக்காட்சி முழு உண்மையைச் சொல்லாவிட்டால், இழந்த நற்பெயரை யார் மீட்டுக் கொடுப்பது? பதிவு செல்ல வேண்டிய இடம் காவல் நிலையமும் காப்புறுதி நிறுவனமுமே. சாட்சி இல்லாததால் பெயர் இழந்தார் மாமா. சாட்சியைத் தவறாகப் பயன்படுத்திப் பிறர் பெயரை நாம் கெடுத்தால், அதுவும் அதே அநீதிதானே?

ஆகவே, ஒவ்வொரு வாகனத்திலும் படக்கருவி இருப்பது நல்லது. அதைவிட நல்லது, அது நாள்தோறும் விழித்திருப்பதை உறுதிசெய்வது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். அணையைக் கட்டிவிட்டு அதன் விரிசலைப் பாராதிருந்தால் வெள்ளம் நமக்காகக் காத்திருக்காது. பக்கத்து வீட்டு மாமா இப்போது புதிய அட்டை வாங்கியிருக்கிறார். அணைத்து வைத்திருந்த எச்சரிக்கை ஒலியையும் மீண்டும் திறந்துவிட்டார். காலையில் அவர் மகிழுந்தை முடுக்கும்போது எழும் அந்தச் சிறிய ‘பீப்’ ஒலி எங்கள் வீட்டு வாசல் வரை கேட்கிறது. உங்கள் வீட்டு மகிழுந்தின் சாட்சி விழித்திருக்கிறதா? இன்றே சென்று பாருங்கள்.