சாயாத கப்பலுக்கு எதற்குத் துடுப்பு?

மாசி மாதம் ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் தெப்பம் கண்டருளும்போது, மேலே பலர் நின்றாலும் தெப்பம் எளிதில் சாயாது. காரணம் அதன் அகலம். ஒரு பக்கம் அமுங்கினால், அந்தப் பக்கத்தைத் தண்ணீர் மேலே தள்ளிவிடும்.

அந்தமானில் போர்ட் பிளேருக்கும் ஹேவ்லாக் தீவுக்கும் இடையே ஓடும் 'மக்ரூஸ்' கப்பலிலும் இதே சூட்சுமம்தான். ஒல்லியான இரண்டு உடல்கள். இரண்டையும் இணைக்கும் ஒரு தளம். இந்த வகைக்கு 'கேட்டமரன்' என்று பெயர். நம் கட்டுமரம்தான் ஆங்கிலத்தில் அப்படி ஆனது. 1697-ல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூலிலேயே இந்தச் சொல் இருக்கிறது. ஆனால், நம் மீனவர்களின் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டியது. இரட்டை உடல் படகு பசிபிக் தீவுக்காரர்களின் கைவண்ணம்.

சரி, அவ்வளவு அகலமான கப்பலில் ஏன் தலை சுற்றுகிறது? பக்கவாட்டில் எளிதில் சாயாத இந்தக் கப்பல், முன்னும் பின்னுமாக ஏறி இறங்கும். முனை ஒல்லியாக இருப்பதால் அலையில் சட்டென்று அமுங்கும். பெரிய அலை என்றால் நடுத்தளத்தின் அடியில் 'டமார்' என்று அறையும். சுமார் ஐந்து நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அசைவுதான் வயிற்றை அதிகம் பிரட்டும்.

இதற்குத்தான் மீனின் துடுப்பு போன்ற தகடுகள். இந்த ரக அதிவேகக் கப்பல்கள் பலவற்றில் முன்பக்க அடியில் துடுப்பும், பின்பக்கம் மடக்குத் தகடும் இருக்கும். முனை எழும்புவதை சென்சார் உணர்ந்ததும், கம்ப்யூட்டர் துடுப்பைச் சாய்த்து முனையைக் கீழே இழுக்கும். முனை அமுங்கினால் மேலே தூக்கும். ஓடும் பைக்கின் பின்சீட்டில் இருந்து உள்ளங்கையைச் சற்றே சாய்த்துப் பிடித்தால், காற்று கையை மேலே தூக்குமே... அதே கதைதான்.

வேகம் இரண்டு மடங்கானால் துடுப்பின் பலம் நான்கு மடங்காகும். வேகம் குறைந்தால் பலமும் அதே கணக்கில் சரியும். அதனால்தான் கப்பல் மெதுவாகப் போகும்போது ஆட்டம் கூடுதலாகத் தெரியலாம். பயப்பட வேண்டாம்.

துடுப்புக்கும் எல்லை உண்டு. எவ்வளவு உயர அலை வரை ஓடலாம் என்று ஒவ்வொரு அதிவேகக் கப்பலுக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் பயணம் ரத்து. கவுன்ட்டரில் சண்டை போட்டுப் பயனில்லை. அது நம் உயிருக்கான கணக்கு.

திருச்சியிலிருந்து அப்பா, அம்மாவை அழைத்துப் போகிறவர்கள், தீவிலிருந்து திரும்பும் நாளிலேயே விமானத்துக்கு டிக்கெட் போடாதீர்கள். கப்பலில் முன்வரிசையை விட்டு, நடுவிலோ சற்றுப் பின்னாலோ இடம் கேளுங்கள். செல்போனைப் பார்க்காமல் தூரத்தில் தெரியும் அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி மாத்திரை தேவையா என்று டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். ஏறிய பிறகு விழுங்கினால் பலன் குறைவு.