முதல் சோதனையே முடிவல்ல



தொழிற்பேட்டையோ, லாரி ஓட்டும் வேலையோ, சில இடங்களில் பிள்ளைகளிடம் சிறுநீர்ச் சோதனை கேட்கிறார்கள். போதைப்பொருள் 'பாசிட்டிவ்' என்று வந்துவிட்டால் வீட்டில் இடி விழுந்த மாதிரிதான். அப்பா கையை ஓங்குகிறார், அம்மா அழுகிறார். சற்றுப் பொறுங்கள். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1000 பேரைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். 20 பேர் போதைப்பொருள் எடுப்பவர்கள். 980 பேர் எடுக்காதவர்கள். சோதனை நூற்றுக்கு 95 தடவை சரியாகச் சொல்லும் என்போம். அந்த 20 பேரில் 19 பேர் அகப்படுவார்கள். 980 பேரில் நூற்றுக்கு 5 வீதம் 49 பேர்மீது வீண்பழி விழும். ஆக, பாசிட்டிவ் 68 பேர். உண்மையில் எடுத்தவர் 19 பேர்தான்!

சோதனை மோசமில்லை. எடுக்காதவர்கள் அதிகம்; அதனால் சிறு பிழையும் பெரிதாகிறது. 1000 பேரில் 500 பேர் எடுப்பவர்களானால், அதே சோதனையில் 475 பேர் சரியாக அகப்படுவார்கள். பழி 25 பேர்மீதுதான்.

ஆகவே முதல் சோதனை வெறும் சல்லடை. உறுதிச் சோதனையில் ஆய்வுக்கூடம் வேறு முறையில் பொருளைப் பிரித்தறியும். அதைக் கேட்டு வாங்குங்கள். மூக்கடைப்பு மாத்திரையிலுள்ள சூடோஎபெட்ரின் சில வேளை முதல் சோதனையை ஏமாற்றும். கோடீன் கலந்த இருமல் மருந்தோ இரண்டாவதிலும் தெரியும். சாப்பிட்ட மருந்தை முன்கூட்டியே சொல்லி, டாக்டர் சீட்டையும் காட்டச் சொல்லுங்கள்.

உறுதிச் சோதனையிலும் போதைப்பொருள்தான் என்றால், மறைக்காமல் சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள். அதுவரை ஓங்கிய கையை இறக்கி, "என்ன மருந்து சாப்பிட்டாய், ஐயா?" என்று கேளுங்கள்.